குதிரைச் சவாரியில் சைகைகள்: ஆங்கில முறையும் மேற்கத்தேய முறையும்

கண்டிப் பிரதேசத்தில் யானைமேல் அமர்ந்து செல்லும் பாகனை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் யானையின் காதுகளுக்குப் பின்னால் கால்விரல்களால் அழுத்தியும், குரல் கொடுத்தும், அங்குசத்தால் தொட்டும் அதனைச் செலுத்துகிறார். குதிரையைச் செலுத்துபவரும் இவ்வாறே சைகைகளைப் பயன்படுத்துகிறார்.

சைகைகளின் வகைகள்

1. இயற்கைச் சைகைகள்: கால், கை, உடற்பாரம், குரல்.
2. செயற்கைச் சைகைகள்: சவுக்கு, குதிமுள்.

எச்சைகைக்கும் அடிப்படை ஒன்றே. மெல்லிய அழுத்தம் கொடுக்கப்படும். குதிரை சரியாகச் செயற்பட்டவுடன் அவ்வழுத்தம் நீக்கப்படும். அழுத்தம் நீங்குவதே குதிரைக்குக் கிடைக்கும் பரிசு.

ஆங்கில முறை

ஐரோப்பியக் குதிரைப்படைப் பயிற்சியிலிருந்தும் வேட்டைச் சவாரியிலிருந்தும் வளர்ந்தது இம்முறை. சவாரி செய்பவர் பொதுவாக இரு கைகளாலும் கடிவாள வார்களைப் பிடிப்பார். குதிரையின் வாயுடன் மென்மையான தொடர்பு இடையறாது பேணப்படும். வலப்புறம் திரும்ப வலது வார் மெதுவாக இழுக்கப்படும்; கால்களும் உடற்பாரமும் துணைசெய்யும். சேணம் சிறியது, ஆதலால் காலின் சிறு அசைவையும் குதிரை உணரும். இம்முறையைச் சேர்ந்த டிரசாஜ் போட்டியில் குரல் கொடுத்தால் புள்ளிகள் குறைக்கப்படும்.

மேற்கத்தேய முறை

மெக்சிக்கோவில் ஸ்பானிய மரபில் வந்த மாடு மேய்ப்போரிடமிருந்து அமெரிக்க மேய்ச்சல் நிலங்களுக்குப் பரவியது இம்முறை. நன்கு பழகிய குதிரையின் வார்கள் ஒரே கையில், தளர்வாகப் பிடிக்கப்படும். வலப்புறம் திரும்ப வேண்டுமாயின், இடது வார் கழுத்தின் இடப்பக்கத்தில் படும்; குதிரை அத்தொடுகையிலிருந்து விலகி வலப்புறம் திரும்பும். சைகை ஒருமுறை தரப்படும். அடுத்த சைகை வரும்வரை குதிரை அதே வேகத்தில் செல்லும். நிறுத்துவதற்குக் குரலும் பயன்படும்.

வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

மேய்ப்பவருக்குச் சுருக்குக் கயிறு வீச ஒரு கை தேவை. எனவே கடிவாளம் மறு கைக்குச் சென்றது. கயிற்றைச் சுற்றிக் கட்டச் சேணத்தின் முன்புறம் கொம்பு அமைந்தது. போலோ விளையாட்டு இதனை மேலும் தெளிவாக்கும். மணிப்பூரிலிருந்து உலகெங்கும் பரவிய இவ்விளையாட்டில் ஆங்கிலச் சேணமே பயன்படுகிறது. எனினும் வலது கையில் கோல் இருப்பதால், வார்கள் இடது கையில் பிடிக்கப்பட்டுக் கழுத்துச் சைகையே கொடுக்கப்படுகிறது. ஆகவே சைகையைத் தீர்மானிப்பது நாடு அன்று, தொழிலே.

நாவலப்பிட்டியிலிருந்து புகையிரதத்தில் நானுஓயா சென்றால் நுவரெலியாப் பந்தயத் திடலை அடையலாம். அங்கு ஓடும் பந்தயக் குதிரைகளில் அங்கவடிகள் மிக உயரமாகக் கட்டப்படும். ஜொக்கி முழங்காலை மடித்துக் குனிந்திருப்பதால் கீழ்க்காலால் அழுத்துவது கடினம். கைகளும் உடலசைவும் சவுக்குமே முக்கியமாகின்றன. இங்கும் தொழிலே சைகையை மாற்றியுள்ளது.

கவனிக்க

மேற்கத்தேய முறையில் பழகிய குதிரைக்கு நெம்புகோல் போன்று செயற்படும் நீண்ட தண்டுடைய கடிவாளம் பூட்டப்படுவதுண்டு. கையின் சிறு இழுப்பும் வாயில் பல மடங்காகும். ஆங்கில முறை மட்டும் தெரிந்தவர் அதனை இறுக்கிப் பிடித்தால் குதிரையின் வாயும் தாடையும் நோகும். வலி தாங்காத குதிரை முரண்டுபிடிக்கும். ஏறியிருப்பவர் விழவும் கூடும். ஆதலால் குதிரை எம்முறையில் பழகியது என்பதை அறிந்த பின்னரே ஏற வேண்டும்.

மாதிரி வினா

இரு முறைகளிலும் சைகைகள் வேறுபடுவதை ஒப்பிட்டு விளக்குக.

விடைக்கு வழிகாட்டி: வேறுபாடுகளை மட்டும் அடுக்கினால் விடை முழுமையடையாது. முதலில் பொது அடிப்படையைக் கூறுக. பின்னர் கை, வார், குரல், சேணம் என்ற ஒழுங்கில் ஒப்பிடுக. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தொழில்சார்ந்த காரணத்தைச் சேர்த்து எழுதுக.