மூன்று முறை வேகவைத்த உணவு

கீரை வேகவைத்த நீரைக் கொட்டிவிடுகிறீர்களா? 1961-இல் அமெரிக்க மருத்துவர் விக்டர் ஹெர்பர்ட் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். உணவை மும்முறை வேகவைத்து, நீரை வடித்துவிட்டே உண்டார். நீரில் கரையும் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் போய்விடும் அல்லவா? மற்ற வைட்டமின்களை மாத்திரையாக எடுத்துக்கொண்டார். நான்காம் மாதம் உறக்கம் கெட்டது, மறதி வந்தது, பிறகு எதற்கெடுத்தாலும் எரிச்சல்! ஃபோலிக் அமிலம் உட்கொண்டார். இரண்டே நாளில் மனம் தெளிந்தது.

ஒரே மனிதரின் சோதனை போதுமா? போதாதுதான். ஆயினும், மனச்சோர்வு நோயாளிகள் பலரிடம் இச்சத்து குறைந்திருப்பதைப் பின்னர் மருத்துவர்கள் கண்டனர். மூளையில் செரட்டோனின் உருவாக இது துணைபுரிகிறது. ஆனால் மனச்சோர்வுக்குக் காரணங்கள் பல; மாத்திரை எல்லாவற்றையும் தீர்க்காது. மேலும், பி-12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் இரத்தசோகை மறையும். நரம்புகளோ தொடர்ந்து கெடும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.