நெல்லை வாட்டும் இரும்பு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் அறிந்த முதுமொழி. பயிருக்கும் அது பொருந்தும். இரும்பு இல்லையேல் இலையில் பச்சையம் உண்டாகாது. அதுவே மிகுந்துவிட்டால் நெற்பயிர் நலிந்துபோகும்.

ஒடிசா, அஸ்ஸாம், கேரளம் முதலிய மாநிலங்களில் வாழும் நேயர்கள், செம்மண் மேடுகளை அடுத்த பள்ளத்து வயல்களில் துருநிற நீர் தேங்கி, அதன்மேல் எண்ணெய் போன்ற ஆடை படிந்திருப்பதைக் கண்டிருக்கலாம். அத்தகைய வயலில், நெல்லின் அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; பின்னர் இலை முழுவதும் வெண்கல நிறமேறிக் காய்ந்துவிடும்.

இதற்குக் காரணம் யாது? நீர் தேங்கிய மண்ணில் காற்று இராது. அந்நிலையில், கரையாதிருந்த இரும்பு கரையும் இரும்பாக மாறுகிறது. மண் அமிலத்தன்மை உடையதாயின் இது இன்னும் மிகும். மேட்டிலிருந்து கசிந்துவரும் நீரும் இரும்பைக் கொணர்ந்து சேர்க்கிறது.

ஆயினும் நெல் காவலற்ற பயிர் அன்று. தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே உயிர்வாயு வேருக்கு இறங்குகிறது. வேரைச் சுற்றிக் கசியும் அவ்வாயு, இரும்பைத் துருவாக்கி வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. நலமுள்ள வேரின் மேல் காணும் செம்பழுப்புப் பூச்சு இதுவே.

இக்காவல் நிலைபெறச் சத்துக்கள் வேண்டும். சாம்பல்சத்துக் குறைந்த பயிரின் வேர், வலுவிழந்து இரும்பை உள்ளே விட்டுவிடுகிறது. மணிச்சத்தும் துத்தநாகமும் குறைந்தாலும் தொல்லை பெருகும். சிலிக்கா, காற்றறைகளை உறுதியாக்கி, வேருக்கு உயிர்வாயு செல்ல உதவுகிறது. இலை வெளிறியதும் யூரியாவை மட்டும் இடுவோர் உளர். அதனால் இக்குறை தீராது.

நெல் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்குகிறது. வைக்கோல் முழுவதையும் வெளியேற்றினால் மண் வறிதாகும். அதைப் பச்சையாக மடக்கி உழுதாலோ, அழுகும்போது மண்ணில் எஞ்சிய உயிர்வாயுவும் செலவாகிவிடும். ஆகவே, நன்கு மக்கவைத்து இடுதலே நலம். உமிச்சாம்பல் சிலிக்காவை அளிக்கும்.

நஞ்சு கடுமையாயின் சத்துக்கள் மட்டும் போதா. வடிகால், சுண்ணாம்பு, இரும்பைத் தாங்கும் நெல்வகை ஆகியவையும் வேண்டும். துத்தநாகக் குறைவும் இதையொத்த புள்ளிகளைத் தோற்றுவிக்கும். ஆதலின், முதலில் மண்ணைப் பரிசோதித்து, பிறகு உரமிடுதலே அறிவுடைமை.