காரணி தேடாமலே கண்ட பகா எண்

"அடுக்கு பகா எண்ணாயின், 2-இன் அந்த அடுக்கில் 1-ஐக் கழித்து வருவதும் பகா எண்ணே" என்று முதலாண்டில் கரும்பலகையில் துணிந்து எழுதினேன். அடுக்குகள் 2, 3, 5, 7. விடைகள் 3, 7, 31, 127. பேராசிரியர் புன்னகைத்து, "11-ஐப் போட்டுப் பாரப்பா" என்றார். 2047 வந்தது. அது 23 × 89! சான்றுகள் நான்கு சேர்ந்தாலும் நிறுவல் ஆகாது என அன்று கற்றேன்.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் தந்த பட்டியலிலும் அடுக்கு 67 பிழையே. ஆனால் 127 தப்பவில்லை. 2¹²⁷ – 1 என்பது 39 இலக்க எண். வினாடிக்கு ஒரு கோடி எண் வீதம் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் நாற்பதாயிரம் ஆண்டுகள் போதா! லூகாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1876-இல் காரணி தேடாமலே அது பகா எண் என நிறுவினார். 1951 வரை அதனினும் பெரிய பகா எண்ணை எவரும் காணவில்லை.

அவர் முறையை லேமர் 1930-களில் எளிமையாக்கினார். 4-இல் தொடங்குக. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. இதையே தொடர்க. அடுக்கினும் இரண்டு குறைந்த படிகளில் சுழி வந்தால் பகா எண், வராவிடில் அன்று. (அடுக்கு 2-க்கு மட்டும் இது பொருந்தாது.) 31-க்கு 4, 14, 8, 0. மூன்றே படிகள்! 2¹²⁷ – 1-க்கு 125 படிகள். 2024-இல் கண்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணும் இச்சோதனையாலேயே உறுதியாயிற்று.

அண்மையில் 2047-ஐ நானே சோதித்தேன். ஒன்பதாம் படியில் 1736 நின்றது. சுழியன்று! அன்று பேராசிரியர் திருத்திய பிழையை, இன்று என் கையாலேயே கண்டுகொண்டேன்.