முகமூடியும் முறைமையும்: 'அந்நியன்' திரைப்படத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மறைந்திருந்து தீயோரைத் தண்டிக்கும் நாயகன் தமிழ்த் திரைக்குப் புதியவன் அல்லன். 'இந்தியன்' (1996), 'ரமணா' (2002) ஆகிய படங்கள் அவனைப் போற்றின. 2005இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'அந்நியன்', அவனை ஒரு மனநோயாளியாகவும் காட்டியது. இவ்வேறுபாடே அப்படத்தை நாம் ஆராயத் தூண்டுகிறது.

சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் வழக்கறிஞன் அம்பி. அவனுள் உறையும் அந்நியனோ முகத்தை மறைக்கும் கூந்தலுடன் தோன்றி, கருட புராணத் தண்டனைகளை நிறைவேற்றுகிறான். இரயிலில் தரங்கெட்ட உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர் கொதிக்கும் எண்ணெயில் இடப்படுகிறார். குற்றம் சாட்டுபவன், தீர்ப்பளிப்பவன், கொல்பவன் ஆகிய மூவரும் இங்கு ஒருவனே. குற்றத்தின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் பொருத்தம் உண்டா என வினவ எவரும் இல்லை. ஆலன் மூரின் 'வாட்ச்மென்' (1986–87) படக்கதையும், 2009இல் வந்த அதன் திரைவடிவமும், காவலனைக் காப்பவர் யார் என்னும் இவ்வினாவையே எழுப்பின.

படத்தின் முடிவு கூர்ந்து நோக்கத்தக்கது. சிகிச்சைக்குப் பின் விடுதலை பெற்ற அம்பி, ஓடும் இரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிக் கொல்கிறான்; நந்தினியிடம் அதனை மறைக்கிறான். இப்போது அவனுக்கு வேறு உரு தேவைப்படவில்லை. நோய் தீரவில்லை, முகமூடியே முகமாகிவிட்டது. இதனைப் படம் வெற்றியாகக் காட்டினும், நாம் அதனை எச்சரிக்கையாகவே வாசிக்க வேண்டும். மிஷ்கினின் 'முகமூடி'யில் (2012) நாயகனும் கொள்ளையரும் ஒருசேர முகமூடி அணிகின்றனர். ஆதலின் முகமூடி அறத்திற்குச் சான்றாகாது.

நம் மரபு இதனை முன்பே உணர்ந்துள்ளது. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தன் பிழை உணர்ந்து உயிர் துறந்தான். கண்ணகியும் முதலில் அவையேறிச் சிலம்பை உடைத்து வழக்கை மெய்ப்பித்தாள். மதுரை எரிந்தது அதன் பின்னரே. குற்றத்தைத் தக்கவாறு ஆராய்ந்து, அதற்கேற்ப ஒறுத்தலையே வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை'யில் வலியுறுத்துகிறார். மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வழிபடும் மதுரை வீரனின் கதையும் ஈண்டுக் கருதத்தக்கது. கள்வரை அடக்கிய காவலனே பழிசுமந்து, தீர விசாரிக்கப்படாமல் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்பது கதைப்பாடல் மரபு. அவசரத் தண்டனைக்கு ஆளானவனையே மக்கள் காவல் தெய்வமாக்கினர்.

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வளரும் மாணவர்க்கும் இத்திரை நாயகர்கள் அறிமுகமானவர்களே. முறையீடு பயன்தராது என்னும் ஏமாற்றம் நிலவும் இடத்தில், தனிமனிதத் தண்டனை இனிக்கும். குண்டர் கும்பலின் 'நியாயமும்' அவ்வினிமையையே காட்டி இளைஞரை ஈர்க்கிறது. எனவே தமிழாசிரியர்கள் வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது 'அந்நிய'னையும் உடன்வைத்து, "விசாரணை எங்கே நிகழ்ந்தது?" என மாணவரை வினவச் செய்யலாம். அநீதியைக் கண்டு சினம் கொள்ளுதல் தகும். அச்சினம் அவையேறிச் சான்று காட்டுவதும், இருளில் முகம் மறைத்துக் கொல்வதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.