ஸ்விட்சைப் போட்டதும் எரிய வேண்டும்!

எலெக்ட்ரிகல் படிக்கிற பையன் என்று தெரிந்துவிட்டால் போதும், தெருவில் உள்ள எல்லா வீட்டு லைட்டும் நம்ம பொறுப்புதான். திருப்பரங்குன்றத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது: "தம்பி, சீலிங்ல பதிச்ச சி.எஃப்.எல். லைட்டு கண்ணடிச்சுக் கண்ணடிச்சுத்தான் எரியுது. அதுவும் மங்கலா!"

ஏன் அப்படி? அந்த இரண்டு பின் விளக்கில் ஸ்டார்ட்டர் விளக்கின் அடிப்பாகத்திலேயே ஒளிந்திருக்கிறது. சோக் மட்டும் ஃபிட்டிங்கில். ஸ்டார்ட்டர் மூடி இழைகளைச் சூடாக்கி, பிறகு திறக்கும்போது சோக் ஒரு உதை கொடுக்கிறது. அந்த உதை போதாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அதுதான் கண்ணடிப்பு. சாயந்திரம் வோல்டேஜ் இறங்கினால் இன்னும் மோசம். பற்றிக்கொண்ட பிறகும் உள்ளே பாதரசம் ஆவியாக வேண்டும். சில வகைகளில் முழு வெளிச்சம் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சோக்கை மாற்றினாலும் இது தீராது.

எங்கள் மாடிப்படியிலும் இதே விளக்குதான் இருந்தது. அப்பத்தா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். லைட் தெளிகிற வரை நிற்கமாட்டார், அதற்குள் நாலு படி ஏறிவிடுவார். அதனால்தான் எல்.இ.டி.க்கு மாற்றினேன். அதில் சூடாக வேண்டிய இழையும் இல்லை, ஆவியாக வேண்டிய பாதரசமும் இல்லை. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசியிருக்கிறார்கள், இரண்டும் கலந்து வெள்ளையாகிறது. அந்த நீல எல்.இ.டி.க்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. விலையும் சும்மா இறங்கவில்லை. 2014-ல் அரசு நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. 2016-ல் அதுவே 38 ரூபாய்!

கடையில் வாட்ஸைக் கேட்காதீர்கள், லூமென் பாருங்கள். 11 வாட்ஸ் இரண்டு பின் சி.எஃப்.எல். சுமார் 900 லூமென் தரும். ஆனால் கிண்ணத்துக்குள் படுத்திருப்பதால் பாதி வெளிச்சம் மேலேயும் பக்கத்திலேயும் வீணாகும். 9 வாட்ஸ் எல்.இ.டி.யும் ஏறக்குறைய அதே லூமென்தான், ஆனால் பெரும்பகுதி கீழ்நோக்கி விழும். இன்னும் வெளிச்சம் வேண்டுமா, 12 வாட்ஸ் போடலாம். கண்ணாடி மூடி போட்ட ஃபிட்டிங் என்றால் நான் 9-க்கு மேல் போகமாட்டேன். பல்பின் உள்ளே இருக்கும் டிரைவர் சூடு தாங்காது, நம்மூர் சித்திரை வெயிலோ கேட்கவே வேண்டாம். அட்டையில் 100-லிருந்து 300 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் நல்லது, வோல்டேஜ் இறங்கினாலும் எரியும்.

மாட்டுவதில்தான் கவனம். சில இரண்டு பின் எல்.இ.டி.கள் சோக்கோடு எரியும், சிலவற்றுக்கு சோக்கைக் கழற்றியே ஆக வேண்டும். அட்டையைப் படிக்காமல் மாட்டாதீர்கள். சோக்கை எடுத்துவிட்டுச் சாதாரண பின் ஹோல்டர் வைத்துவிடுவது என் வழக்கம், பிறகு எந்தக் கடை பல்பும் பொருந்தும். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் இரண்டு ஒயரையும் பார்த்த பிறகே கை வைக்கவும். சில வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கும்! அங்கே ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். எல்.இ.டி.யும் ராத்திரி முழுக்க லேசாக மினுங்கும். பேய் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்விட்சை ஃபேஸுக்கு மாற்றினால் பேய் ஓடிவிடும்.

கழற்றிய சி.எஃப்.எல்.லைக் குப்பையில் வீசி உடைக்காதீர்கள், உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். பிறகு விளக்குமாறு தொடாமல், கெட்டி அட்டையால் அள்ளி மூடி உள்ள டப்பாவில் போடுங்கள்.