மூக்குச் சதையில் பூஞ்சணம்



காது மூக்கு தொண்டைப் பிரிவில் நோயாளிகளைச் சந்திக்கும்போது, "ஐயா, எனக்கு வந்திருப்பது கறுப்புப் பூஞ்சையா?" என்று சிலர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் அந்த நோய் அநேகருடைய கண்ணையும் உயிரையும் பறித்ததை மக்கள் மறக்கவில்லை. ஆனால் மூக்குச் சதையோடு பூஞ்சணமும் இருக்கிறது என்று சொல்லப்படுகிற எல்லாருக்கும் அந்த நோய் இல்லை. மருத்துவர்கள் எனக்குப் பொறுமையாய் விளக்கியதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முகத்து எலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் காற்றறைகள் உண்டு. நாள்பட்ட அழற்சியால் அவற்றின் உட்சவ்வு வீங்கி, தோலுரித்த திராட்சைப்பழம்போலத் தொங்குவதே சாதாரண மூக்குச் சதை. பூஞ்சணமோ ஈர வைக்கோல், பழைய தானியம், மழைக்காலத்துச் சுவர் என எங்கும் இருக்கிறது. அதன் நுண்வித்துக்களை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருடைய உடலுக்கு மட்டும் அது ஒவ்வாமல் போகிறது. அந்த ஒவ்வாமையினால் சதை வளருகிறது. சைனஸ் அறைகளில் பசைபோன்ற தடித்த பழுப்புநிறச் சளி அடைந்துவிடுகிறது. பெரும்பாலும் மற்றபடி நல்ல சுகமுள்ள வாலிபருக்கே இது வருகிறது. மூக்கடைப்புதானே என்று வருஷக்கணக்காய் விட்டுவிட்டால், அந்தச் சளி எலும்பை அழுத்தித் தேய்த்து, கண்ணையே வெளியே தள்ளிவிடும்.

இவர்களுக்குப் பூஞ்சணம் சளியில்தான் இருக்கிறது. உடலின் திசுவுக்குள் நுழைவதில்லை. ஆகையால் உள்நோக்குக் கருவியினால் அறைகளைச் சுத்தம் செய்து, வீக்கம் தணிய ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். திரும்பவும் வரக்கூடிய வியாதி இது. மூக்கை உப்புநீரால் கழுவுவதும் தவறாமல் பரிசோதனைக்கு வருவதும் நெடுநாள் தொடரவேண்டும். சிகிச்சை பெற்ற ஒரு தம்பி, "காப்பி வாசனை தெரிகிறது, ஐயா" என்று சொல்லிச் சிரித்தது இன்னும் நினைவில் நிற்கிறது.

கறுப்புப் பூஞ்சை இதற்கு நேர்மாறானது. அது இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. இரத்தம் ஓடாத இடம் செத்துக் கறுக்கிறது. கறுப்பு, பூஞ்சையின் நிறமல்ல, செத்த திசுவின் நிறம். கட்டுப்படாத சர்க்கரை வியாதி உள்ளவர்களையும், ஸ்டீராய்டு அதிகமாய்ப் பெற்றவர்களையும் அது எளிதில் பிடிக்கிறது. செத்த பகுதியைத் தாமதமின்றி அகற்றி, ஆம்போடெரிசின் என்ற மருந்தை இரத்தநாளத்தில் ஏற்றவேண்டும். முதல் நோயாளிக்குச் சுகம் தருகிற ஸ்டீராய்டு இவருக்கு ஆபத்து.

நம் தென்மாவட்டங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு. குளத்திலும் கண்மாயிலும் குளிப்பவர்களிடம் அதிகமாய்க் காணப்படுகிறது. சதை சிவந்து, மேலே வெண்புள்ளிகளோடு இருக்கும். தொட்டால் இரத்தம் கசியும். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1900ஆம் ஆண்டு சீபர் என்பவர் அர்ஜென்டினாவில் விவரித்தார். நெடுங்காலம் பூஞ்சை என்றே எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல என்று 1990களில் மரபணு ஆராய்ச்சி காட்டியது. அடியோடு வெட்டி, அந்த இடத்தைச் சுட்டுவிடுவதே முக்கியமான சிகிச்சை. அப்படியும் சிலருக்குத் திரும்ப வளருகிறது.

வெளிப்பார்வைக்கு மூன்றும் மூக்கடைப்புதான். ஆகவேதான் வெட்டியெடுத்த சதையை எறிந்துவிடாமல் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். பூஞ்சணம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு புட்டிகள் வேண்டும். நுண்நோக்கியில் பார்ப்பதற்கான துண்டு ஃபார்மலின் மருந்தில் போகும். ஃபார்மலின் பூஞ்சணத்தைக் கொன்றுவிடுமாகையால், வளர்த்துப் பார்ப்பதற்கான துண்டு சுத்தமான உப்புநீரில் போகும். "ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இதற்கு வேறு பணமா?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அடுத்த மருந்து எதுவென்று சொல்லுவது அந்தப் புட்டிகள்தான் என்று நானும் என் பங்குக்கு எடுத்துச் சொல்லுகிறேன்.

சர்க்கரை வியாதியுள்ள ஒருவருக்குக் கன்னம் மரத்துப்போனாலோ, பார்வை இரண்டாய்த் தெரிந்தாலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புப் பொருக்கு கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.