அன்பு கற்ற கைத்தொழில்

செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் ஓர் இளம் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் பணிக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போனார். எங்கு பார்த்தாலும் விரல்கள் மடங்கி, கொக்கி போல் வளைந்த கைகள். இவற்றைச் சரிசெய்ய எலும்பு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார் பிராண்ட். யாரும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்றார் காக்ரேன்.

பிராண்ட் ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செயலிழந்துவிட்டதாக நினைத்த அந்தக் கை, அவருக்கு வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் உள்ளே நல்ல தசை மிச்சம் இருக்கிறது!

அந்தக் கைப்பிடி பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறது. கட்டளைகளில் பெரியது எது என்று கேட்டபோது இயேசு இரண்டைச் சேர்த்துச் சொன்னார்: முழு இருதயத்தோடு கடவுளிடம் அன்பு கூர்வது, தன்னைப் போலப் பிறனையும் நேசிப்பது. பிறன் என்றால் யார் என்று ஒரு சட்ட அறிஞர் மடக்கியபோது, நல்ல சமாரியன் கதை பிறந்தது. அந்தக் கதையைக் கூர்ந்து வாசித்தால் ஒன்று புலப்படும். சமாரியன் அடிபட்டவனைப் பார்த்து மனம் இரங்கியதோடு நிற்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், கட்டுப் போடுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுக்கிறான், திரும்பி வருவதாகவும் சொல்கிறான். அத்தனையும் வேலை. பிறனன்பைப் பேசும் பல பிரசங்கங்கள் இரக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. கதையில் இரக்கம் வெறும் தொடக்கம்தான்.

இரக்கம் வேலையாக மாற வேண்டும் என்பது பிராண்டுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம். 1914இல் அவர் பிறந்தது கொல்லிமலையில். மிஷனரியான தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். தாய் எவலின் ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் மலைக்கே திரும்பி வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி மருந்து கொடுத்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

செங்கல்பட்டில் பார்த்த வளைந்த கைகளுக்குக் காரணம் நரம்பில் இருந்தது. தொழுநோய் நரம்பைத் தாக்குகிறது. முழங்கை அருகே செல்லும் நரம்பு கெட்டால் கையின் சிறு தசைகள் செயலிழக்கும், விரல்கள் மடங்கும். முன்கையின் பெரிய தசைகளில் பல தப்பிவிடுகின்றன. அப்படித் தப்பிய ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு இணைத்தால், மடங்கிய கை மீண்டும் விரியும், பிடிக்கும். வேலூரில் பிராண்டும் உடன் இருந்தவர்களும் இந்த அறுவையைத் தொழுநோயாளிகளுக்காகச் செம்மைப்படுத்தினார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன? நோய் சதையைத் தின்கிறது என்றுதான் உலகம் நம்பியது. பிராண்ட் நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம், காலுக்குத் தெரியாமல் மிதித்த ஆணி, தேய்ந்த கருவிப் பிடி. வலி தெரியாததால் புண் ஆறாமல் வளர்ந்து, எலும்பு வரை போய்விடுகிறது. சிலருக்கு இரவில் விரல் காணாமல் போன மர்மத்துக்கும் விடை கிடைத்தது: தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்! ஒரு பூனையைக் கொடுப்பதும் பிறனன்புதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

கை நேரானதும் வாழ்வு நேராகிவிடவில்லை. கை சரியானவர்களில் சிலர், இனிப் பிச்சை கிடைப்பதும் கடினம், வேலை தருவாரும் இல்லை என்று வருந்தினார்கள். அதனால் கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் எழுந்தது. மருத்துவம் படிக்கும் முன் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றவர் பிராண்ட்; அது இங்கே கைகொடுத்தது. 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆய்வு மையம் தொடங்கியது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கென மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகளும் இந்த முயற்சிகளில் உருவானவை.

பிராண்டின் குழுவில் மறக்கக் கூடாதவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நின்று அறுவை செய்ய இயலாது. ஆனால் கை அறுவையை உட்கார்ந்தபடி செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையை வேரூன்றச் செய்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பிறருடைய உதவி தேவைப்பட்டவரே பிறருக்கு உதவியாக நின்றது, இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பக்கம்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றதைச் சர்க்கரை நோயால் உணர்வு போன பாதங்களுக்கும் அங்கே பயன்படுத்தினார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் பாதத்தைத் தினமும் பாருங்கள், வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று இன்று மருத்துவர் சொல்லும் அறிவுரையில், தொழுநோயாளிகள் தந்த பாடமும் இருக்கிறது.

சமூகத்தின் பங்குதான் பின்தங்கிவிட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் இந்தியாவில் 2019இல்தான் நீக்கப்பட்டன. நோயைக் குணமாக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு! சட்டம் மாறியும் அச்சம் பல வீடுகளில் மாறவில்லை.

உடலில் உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் தெரிந்தால் மறைக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் குணமாகும். தெரிந்தவர் ஒருவர் தயங்கி நின்றால், கூடவே போய் வரிசையில் நில்லுங்கள்.